அந்த 375 எப்படி வந்தது என்று கேளுங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் தொடக்கப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும், அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நான் பள்ளத்தூர்ப் பக்கம் பலகாரம் போடும் வீட்டுக்காரி. காரைக்குடியில் சில கடைகளுக்கும், முகூர்த்த மாதங்களில் கல்யாண வீட்டுச் சீர் பலகாரத்துக்கும் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் பேசுவாள், கதை சொல்வாள், தமிழ்ப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். கணக்குத் தேர்வு என்றால் மட்டும் ஆகாது. ஒரு வருஷமாக அவளோடு உட்கார்ந்து பார்த்ததையும், படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். எந்தப் பள்ளியையும் குறை சொல்ல வரவில்லை. இவளைப் போன்ற பிள்ளைகள் உங்கள் வகுப்புகளிலும் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் ராத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது இது. தேன்குழல் வெந்து ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கவருக்குப் பன்னிரண்டு என்று எண்ணிப் போட்டு, வாயைச் சீல் வைப்பது அவளுக்குப் பிடித்த வேலை. பள்ளிவிட்டு வந்ததும் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுவாள். கடைக்காரர் போன் பண்ணி இருநூறு வேண்டும் என்றார். நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறேன். அவள் தலையைத் தூக்காமலே, "ஒன்பது கவர் முடிஞ்சிருச்சும்மா, நூத்தியெட்டு. இன்னும் தொண்ணூத்திரெண்டு வேணும். எட்டுக் கவர் போட்டா நாலு கூட வரும், பரவாயில்லையா?" என்றாள்.

நான் ஜல்லிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பெருக்கல், கழித்தல், வகுத்தல், மிச்சம் எல்லாமே அந்த ஒரு மூச்சில் இருக்கிறது. அதே வாரத்தில்தான் டைரியில் எழுதி வந்தது: கணக்குத் தேர்வு, 25க்கு 7. பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனம் தேவை'.

இது என் பிள்ளைக்கு மட்டும் இருக்கிற வினோதம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்லோவும் அதில் இருக்கிறார்கள். இத்தனை கிலோ இது, இத்தனை கிலோ அது, மீதிச் சில்லறை எவ்வளவு என்று கேட்டால் மனக்கணக்கிலேயே சரியாகச் சொல்லும் அந்தப் பிள்ளைகள், அதே அளவுக் கணக்கைத் தாளில் பாடப்புத்தக முறையில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், கடைக்கணக்கில் தடுமாறினார்கள். தலைக்குள் இருக்கும் கணக்குக்கும் தாளில் எழுதும் கணக்குக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, பாலம் தானாக வந்துவிடாது என்பதுதான் அதில் எனக்குப் புரிந்தது. அந்தப் பாலத்தைப் போட வேண்டிய இடம் பள்ளிக்கூடம். பள்ளியும் வீடும் சேர்ந்து என்று சொன்னால் இன்னும் சரி.

விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தேர்வுத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இல்லையாம். வகுப்பில் காட்டிவிட்டு வாங்கி வைத்துவிடுவார்களாம். ஆசிரியை நல்லவர். மதிய இடைவேளையில் தன் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். பென்சில் எழுத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி, பெருக்கல் குறியாக இருந்தது. அதில் மூன்று கணக்கை நான் கையிலேயே எழுதிக்கொண்டு வந்தேன்.

62 − 35 = 33
410 − 126 = 316
503 − 278 = 375

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கணக்கை நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பூஜ்யத்துக்குக் கீழே ஏழு. அவள் ஏழு என்று எழுதியிருக்கிறாள். மூன்றுக்குக் கீழே எட்டு. அவள் ஐந்து என்று எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே கீழே எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். மற்ற இரண்டிலும் அதேதான். மூன்று கணக்கும் ஒரே மாதிரி தப்பு. கவனம் இல்லாத பிள்ளை இப்படித் தப்புப் பண்ணாது. கவனம் இல்லாதவள் ஒரு கணக்கில் ஒன்றை விடுவாள், இன்னொன்றில் வேறு எதையாவது விடுவாள். இவள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சமும் பிசகாமல் நடந்திருக்கிறாள். விதிதான் தப்பு.

"ஏன் பாப்பா இப்படிப் போட்டே?" என்று கேட்டேன். திட்டப் போகிறேன் என்று நினைத்து முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பெரிசுல இருந்துதானேம்மா சின்னதைக் கழிக்கணும். சின்னதுல இருந்து பெரிசு போகாதுன்னு ஒண்ணாப்புல சொன்னாங்க."

ஒண்ணாப்பில் சொன்னது அந்த வகுப்புக்குச் சரி. ஒற்றை இலக்கத்துக்குச் சொன்னதை இவள் மூன்று இலக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். இடையில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எத்தனை தேர்வு எழுதியிருப்பாள், எத்தனை பேர் அந்தத் தாளைத் திருத்தியிருப்பார்கள். நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மார்க்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான்தான். 375 என்ற விடையைப் பார்த்துத் தப்பு என்று எல்லோரும் சொன்னோம். அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக்கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். பக்கத்து இலக்கத்தில் ஒன்று கடன் வாங்கு என்றேன். அவள் கேட்டாள்: "கடன் வாங்கினா எப்பம்மா திருப்பிக் கொடுக்கணும்?" நான் பதில் தெரியாமல் முழித்தேன். வட்டிக்கணக்கு எழுதியே பெயர் வாங்கிய சீமை இது. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், பேரேட்டில் ஏற வேண்டும் என்று இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறோம், திருப்பிக் கொடுப்பதே இல்லை. அந்தக் குழப்பம் அவள் மனதில் ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

கல்லாப் பெட்டியை எடுத்தேன். ஐந்து நூறு ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய்க் காசு. பத்து ரூபாய் ஒன்றுகூட இல்லை. "இதிலிருந்து அரிசி மாவு அரைத்ததுக்கு 278 கொடு" என்றேன். பார்த்தாள். இரண்டு நூறை எடுத்து வைத்தாள். நின்றாள். "சில்லறை மாத்தணும்மா" என்றாள். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றிக் கொடுத்தேன். அதில் ஏழை எடுத்து வைத்தாள். மூன்று காசைப் பார்த்தாள், ஒரு பத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். அதையும் பத்துக் காசாக மாற்றினேன். எட்டு எடுத்தாள். மீதியை எண்ணி 225 என்றாள். நான் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. கடன் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சில்லறை மாற்றுதல் என்று வைத்ததும் கதவு திறந்துகொண்டது. அதற்கப்புறம் தாளில் எழுதிக் காட்டியபோது, 5 என்பதை அடித்து 4 என்று எழுதுவது எதற்கு, நடுவில் இருக்கும் பூஜ்யம் எப்படிப் பத்தாகி, பிறகு ஒன்பதாகிறது என்று அவளே சொன்னாள். இதற்கு நாலு நாள் ஆனது. நாலு நாளும் சேர்த்தால் ஒரு மணி நேரம் இருக்கும்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு வழிகாட்டியது அந்த விடைத்தாள்தான். 25க்கு 7 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? டியூஷனில் சேர்த்திருப்பேன். அங்கே அவர்கள் இன்னும் ஐம்பது கழித்தல் கணக்குக் கொடுத்திருப்பார்கள். அவளும் அதே விதிப்படி ஐம்பதையும் தப்பாகப் போட்டு, அந்த விதியை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பாள்.

எங்கள் அத்தை, என் மாமியார், இதைக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார்கள். அவர்களுடைய அப்பா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு அடுத்த நிலையில், இருந்தவர். எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சின்ன வயதில் போய், படிப்படியாக மேலே வந்தவர். சாயங்காலம் அன்றைய கணக்கை எழுதி முடித்து, தொகை நேராகவில்லை என்றால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்களாம். ஒரு அணா இடித்தாலும் எந்த வரியில் இடிக்கிறது என்று விரலை வைத்து முதல் வரியிலிருந்து வருவார்களாம். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகுதான் விளக்கை அணைப்பார்களாம். ஐந்தொகை போடுவது, அதாவது வரவு செலவை ஒப்பிட்டு இருப்பை நேராக்குவது, அப்படித்தான் இந்த மண்ணில் வளர்ந்தது. தப்பு எங்கே இருக்கிறது என்று தேடாமல் பேரேட்டின் மேல் ஒரு மார்க்கைப் போட்டு மூடி வைத்த கணக்குப்பிள்ளை யாராவது உண்டா? பெரியவர்களின் கணக்குக்கு நாம் கொடுத்த மரியாதையை ஒன்பது வயசுப் பிள்ளையின் கணக்குக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்தோம், பிரம்படி வாங்கினோம், அதனால்தான் கணக்கு வந்தது என்று எங்கள் தெருவில் பெரியவர்கள் சொல்வார்கள். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு நாக்கில் இருந்ததால்தான் என் மகள் 108 என்று சட்டென்று சொன்னாள். அரைக்கால், மாகாணி, வீசம் என்று பின்னங்களுக்குப் பெயர் வைத்து வாயில் புழங்கிய மொழி நம்முடையது. நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு என்று அத்தை அளந்து காட்டித்தான் என் மகளுக்கு அரை, கால், அரைக்கால் புரிந்தது. ஆனால் பிரம்பால்தான் வந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரம்பால் வராமல் போய், பள்ளியை விட்டே ஓடியவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது பயத்தைப் பற்றி. இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம்.

சில்லறை மாற்றுதல் புரிந்த பிறகும் அடுத்த தேர்வில் 25க்கு 11தான் வந்தது. வீட்டில் சரியாகப் போட்டவள் அங்கே ஏன் விட்டாள்? தேர்வு வியாழக்கிழமை. புதன் ராத்திரியே சாப்பாடு இறங்கவில்லை. வியாழன் காலையில் வயிற்றுவலி. முதலில் நடிக்கிறாள் என்று நினைத்து அதட்டிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் கை ஐஸ் மாதிரி இருந்தது. இருபது நிமிஷத்தில் பத்துக் கணக்கு. ஆசிரியை பத்து நிமிஷம் ஆச்சு, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு என்று சொல்லும்போதெல்லாம், "எனக்கு நம்பர் எல்லாம் அழிஞ்சு போயிடுதும்மா" என்கிறாள்.

அழிந்துதான் போகிறது. மனதில் கணக்குப் போடுவதற்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஒரு எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கூட்டுகிற இடம். அது வீட்டு முகப்புத் திண்ணை மாதிரி, இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். பயம் வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் எண்கள் உட்கார இடம் இல்லை. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் கணக்குப் போடும்போது மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கணக்குப் பயம் உள்ள பிள்ளைகளுக்கு, பாம்பைக் கண்டால் பயத்தைக் கிளப்பும் பகுதி வேலை செய்தது, கணக்குக்கு வேண்டிய பகுதிகளின் வேலை குறைந்திருந்தது. ஆகவே பயப்படாதே என்று சொல்லிப் பயன் இல்லை. பயப்படுத்துகிற விஷயத்தைத்தான் எடுக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளியில் கணக்குக்கு எதற்கு ஓட்டப்பந்தயம்? கணக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டுமா, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க வேண்டுமா? நாலாம் வகுப்பில் முதலாவது போதும். பத்துக் கணக்குக்குப் பதிலாக ஆறு கொடுங்கள், அதே நேரம் கொடுங்கள். முடிக்காத பிள்ளை மதியம் சாப்பிட்டு வந்து முடிக்கட்டும். விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டாதீர்கள். புளியங்கொட்டையோ சோழியோ மேசையில் இருந்தால் இருக்கட்டும். அது ஊன்றுகோல். கால் பலமானால் பிள்ளை தானே கீழே போட்டுவிடும்.

அப்புறம், மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிக்கும் வழக்கம். குறைந்த மார்க்கிலிருந்து தொடங்கி வாசிப்பார்கள். முதல் பெயர் தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று என் மகள் பெஞ்சுக்கு அடியில் விரலைப் பின்னிக்கொண்டு சாமி கும்பிடுவாளாம். கொப்புடையம்மனுக்கு ஒரு தேங்காய் கூட நேர்ந்திருக்கிறாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, அவளுடைய அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறாள். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை உடம்பால் தண்டிப்பதோடு மனதால் துன்புறுத்துவதையும் 17-ஆம் பிரிவில் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவு, பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் படிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. இப்படி ஒரு வரி சட்டத்திலேயே இருக்கிறது என்று எங்களைப் போன்ற பெற்றோருக்குத் தெரிவதில்லை. மேலாண்மைக் குழுவில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை வாய்விட்டு வாசித்தால் நன்றாக இருக்கும்.

மார்க் போடாமல் எப்படி என்று கேட்பீர்கள். 1988-ல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்கு எங்கே சரி எங்கே தப்பு என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள் மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மார்க்கைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, பக்கத்தில் எழுதியதைப் படிப்பதில்லை. பதிவேட்டில் மார்க் இருக்கட்டும். பிள்ளையின் தாளில் அதற்குப் பதிலாக ஒரு வரி எழுதுங்கள். 'நூறைச் சில்லறை மாற்றினாயா?' இது போதும். முப்பது நாற்பது தாளுக்கு எழுதுவது பெரிய பாடு என்பது தெரியும். எல்லாத் தேர்வுக்கும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு தேர்வுக்குச் செய்தாலும் எங்களுக்குப் பெரிய உதவி.

கணக்கில் தடுமாறுவது எல்லாமே கணக்குப் பிரச்சினையும் இல்லை. மொழியும் காலை வாரும். தமிழில் 9-க்கு ஒன்பது, 90-க்குத் தொண்ணூறு, 900-க்குத் தொள்ளாயிரம். 9 பத்தைப் போலவும், 90 நூறைப் போலவும், 900 ஆயிரத்தைப் போலவும் காதில் விழுகிறது. சொல்வதை எழுதச் சொன்னால் தொள்ளாயிரத்து ஐந்தை 1905 என்று எழுதும் பிள்ளை முட்டாள் இல்லை, கேட்டதை நம்பி எழுதியிருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பிஃப்டீனும் பிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கிறது, வீட்டில் பதினைந்து, ஐம்பது. வாக்கியக் கணக்கில் தோற்கும் பல பிள்ளைகள் அந்த ஆங்கில வாக்கியத்தில்தான் தோற்கிறார்கள். ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள், விடை வருகிறதா என்று.

கண்ணும் ஒரு காரணம். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கரும்பலகையில் 8 இருந்தால் 3 என்று எழுதுவான். கவனக்குறைவு என்று ஒரு வருஷம் அடி வாங்கினான். கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. அரசின் கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கண்ணாடி கொடுக்கிறது.

இன்னும் சில பிள்ளைகளுக்கு இது எதுவும் இல்லாமல், எண்களே பிடிபடாது. மூன்று நாலு புள்ளியைக்கூட ஒன்று ஒன்றாக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 7 பெரியதா 9 பெரியதா என்று எட்டு ஒன்பது வயதிலும் தயங்கும். ராத்திரி ஒப்பித்த வாய்ப்பாடு காலையில் இருக்காது. மணி பார்க்க வராது. மற்ற பாடங்களில் நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் இது வரலாம். டிஸ்கால்குலியா என்கிறார்கள், கணக்குக் கற்றலில் வரும் குறைபாடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் சேர்த்திருக்கிறது. சோம்பேறித்தனமும் இல்லை, வளர்ப்பும் இல்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுத் தன்மையாகச் சொல்லுங்கள். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் இத்தனை இருந்தும், பிள்ளைக்கு மந்திரிக்கக் கூட்டிப் போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற படியிலிருந்து பாடம் தொடங்குகிறார்கள். எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்தப் படி என்று பார்ப்பது நல்ல முறை என்று மனதாரச் சொல்வேன். மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகளுக்குக் கழித்தலில் இரண்டாம் படிதான் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தனியார் நர்சரி பிரைமரிப் பள்ளிகளும் இதை எடுத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை.

பெற்றோர்களே, உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். என் மகள் முதல்முறை குறைவாக வாங்கி வந்தபோது, அவளை ஆறுதல்படுத்துவதாக நினைத்து, "அம்மாவுக்கும் கணக்கு வராதுடா செல்லம்" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "அப்ப எனக்கும் வராதாம்மா?" என்று கேட்டாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி கூட உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை கற்பது குறைந்து பயம் கூடுகிறது என்று 2015-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நம் கையில் இருக்கும் பதற்றம் பென்சில் வழியாகப் பிள்ளைக்கு இறங்கிவிடுகிறது. அதனால் நான் இப்போது சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உளுந்து களைகிறேன். பத்து நிமிஷம்தான். பென்சிலை நான் தொடுவதே இல்லை. தப்பு வந்தால், "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்பேன். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதி நேரம் அவளே, "அய்யோ, இரும்மா" என்று அழிக்க ஆரம்பித்துவிடுவாள்.

நம் வீடுகளில் கணக்கு தரையிலேயே கிடக்கிறது. நாங்கள் இருப்பது ஒரு பழைய வீட்டின் ஒரு பகுதி, முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. ஒரு மழை நாளில் வரிசைக்குப் பதினாலு கல், ஒன்பது வரிசை, மொத்தம் எத்தனை என்று கேட்டேன். அவள் கோலப்பொடியால் பத்தாவது கல்லை அடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அந்தப் பக்கம் பத்து ஒன்பது தொண்ணூறு, இந்தப் பக்கம் நாலு ஒன்பது முப்பத்தாறு, நூத்தி இருபத்தாறு என்றாள். இரண்டு இலக்கப் பெருக்கலில் எதற்காகப் பிரித்துப் பெருக்குகிறோம் என்பதற்கு அதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. பல்லாங்குழியில் பதினாலு குழி, குழிக்கு ஐந்து, எழுபது முத்து. புள்ளிக் கோலத்தில் ஏழு புள்ளி நாலு வரை இடைப்புள்ளி வைத்தால் எத்தனை புள்ளி என்று அப்பத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, நான் கேட்பது பெரிய செலவுள்ள எதுவும் இல்லை. கணக்குத் தேர்வு முடிந்ததும் விடைத்தாளை ஒரு ராத்திரிக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மார்க்கைச் சத்தமாக வாசிக்காதீர்கள். நேரத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தப்பான கணக்குகளை மட்டும் அடுத்த வாரம் மறுபடி போட ஒரு வாய்ப்புக் கொடுங்கள், அந்த மார்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, தன் கையில் முடிவு இல்லை, மேலே கேட்க வேண்டும் என்றார். அதனால்தான் மேலே இருக்கிறவர்களையும் சேர்த்து எழுதினேன்.

இரண்டாம் பருவத் தேர்வு மார்கழியில் வருகிறது. தாள் தொலைந்துவிடும் என்று தயக்கம் இருந்தால், நானே பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
பள்ளத்தூர்ப் பக்கம்.